வரப்பில் நிற்கிறவரின் கண்ணும் கையும்: ட்ரோன் ஓட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் வயலுக்கு மருந்து அடிக்கும் ட்ரோன் ஓட்டுகிறேன். கூட வந்து தொழில் கற்றுக்கொள்ளும் பையன்களும், சுயஉதவிக் குழுப் பெண்களும், வயல்காரர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மோட்டார், நாசில், பேட்டரி பற்றிய சந்தேகங்களுக்குக் கம்பெனி கொடுக்கும் புத்தகம் போதும். இங்கே இருப்பது எல்லாம் ரிமோட்டைப் பிடித்திருக்கிற ஆளைப் பற்றியது.

ட்ரோன் விழுந்தால் அது மெஷின் கோளாறுதானே? ஆளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

"சிக்னல் போயிட்டு அண்ணாச்சி" என்பதுதான் எல்லாரும் முதலில் சொல்வது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினால் வேறு கதை வரும். பனை மட்டை தெரியவில்லை, பேட்டரி கொக்கியைப் பூட்டவில்லை, கை வலதுக்குப் பதிலாக இடதுக்குப் போய்விட்டது. மெஷின் கோளாறே கிடையாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் கிட்ட இருந்து பார்த்த விழுகைகளில் பாதிக்கு மேல் மெஷின் சொன்னதைத்தான் செய்தது.

அதற்காக ஓட்டியவரைத் திட்டினால் வேலை முடிந்துவிடாது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 விமானங்களில் ஒரு வினோதம் நடந்தது. பத்திரமாகத் தரையிறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போது, விமானி இறக்கையின் ஃபிளாப்பை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரத்தை மடக்கிவிடுவார். விமானம் வயிற்றால் தரையில் தேயும். விமானியின் தவறு என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஆல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தார். இரண்டு சுவிட்சும் ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றுக்குச் சக்கர வடிவிலும் இன்னொன்றுக்கு இறக்கை வடிவிலும் குமிழ் வைக்கச் சொன்னார். பார்க்காமலே விரல் கண்டுபிடித்துவிடும் என்பதுதான் கணக்கு, அது பலித்தது.

நம் ஊரில் இதே கதை ரிமோட்டில் இருக்கிறது. மோடு என்பது ரிமோட்டில் எந்தக் கை ஸ்டிக் எதைச் செய்யும் என்ற அமைப்பு. மோடு 2 என்றால் ஏற்றுவதும் இறக்குவதும் இடது கை. மோடு 1 என்றால் வலது கை. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டு ரிமோட்டும் ஒரே மாதிரிதான். சிநேகிதன் ரிமோட்டை அவசரத்துக்கு வாங்கிப் பறக்கவிட்டு, ஏற்ற நினைத்த ட்ரோனைத் தன் பக்கமே கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். இரவல் ரிமோட்டை வாங்கினால் முதல் கேள்வி மோடு எது என்பதாக இருக்கட்டும்.

டிராக்டர், நெல் அறுக்கும் மெஷின் எல்லாம் ஓட்டுகிறேன். இது மட்டும் அவ்வளவு வித்தியாசமா?

வித்தியாசம் நீங்கள் உட்காரும் சீட்டில் இருக்கிறது. சேற்றில் சக்கரம் வழுக்கினால் கண்ணுக்குத் தெரியும் முன்னே டிராக்டர் சீட்டு உங்களுக்குச் சொல்லிவிடும். கிளட்ச் எரிந்தால் மூக்கு சொல்லும். விமானத்தில் போகிற விமானிக்கும் அப்படித்தான், சாய்ந்தால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்ந்துவிடும்.

நமக்கு அது எதுவும் கிடையாது. உடம்பு வரப்பில் நிற்கிறது, மெஷின் நூறு மீட்டர் தள்ளி இருக்கிறது. மிச்சம் இருப்பது கண், அப்புறம் பக்கத்தில் இருக்கும்வரை கொஞ்சம் காது. உங்கள் முகத்தில் காற்றே இல்லாதபோது தென்னந்தோப்பைத் தாண்டிய இடத்தில் ட்ரோன் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ட்ரோனின் சத்தத்தைக் கேட்கப் பழகுங்கள். சுருதி மாறினால் ஏதோ ஒரு மோட்டார் திணறுகிறது என்று அர்த்தம். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டுகிற பையன்களிடம் நான் சண்டைக்கே போவேன்.

ட்ரோன் என்னைப் பார்த்துத் திரும்பி வரும்போது இடமும் வலமும் மாறுகிறது. எப்படிச் சமாளிப்பது?

எல்லாருக்கும் வருவதுதான். போகும்போது அதன் வலது உங்கள் வலது. திரும்பி வரும்போது எதிரில் நிற்கும் ஆளின் வலது கை மாதிரி ஆகிவிடும். 'இப்போது மாற்றி அழுத்த வேண்டும்' என்று யோசித்துக்கொண்டு ஓட்ட முடியாது, யோசிக்கும் நேரத்தில் பக்கத்து வயலுக்குப் போய்விடும்.

பழைய மாடல் விமானக்காரர்கள் ஒரு வழி சொல்வார்கள். ட்ரோன் உங்களை நோக்கி வரும்போது எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள். சாய்கிற வாழைக்கு அந்தப் பக்கம் முட்டுக் கொடுப்பது போல. வாழை போட்ட ஊர்க்காரர்களுக்கு இது ஒரே நாளில் பிடிபட்டுவிடுகிறது. களக்காட்டுப் பையன் ஒருவனிடம் சொன்னேன், மறுநாள் எனக்கே அவன் பாடம் எடுத்தான்.

முன்பக்கக் கைகளில் பளிச்சென்ற சிவப்பு டேப் சுற்றுங்கள். தூரத்தில் போனால் ட்ரோன் ஒரு கரும்புள்ளி, மூக்கு எது வால் எது என்று தெரியாது. சந்தேகம் வந்தால் ஸ்டிக்கை விட்டுவிட்டு நிற்க வையுங்கள். ஜிபிஎஸ் இருக்கும்வரை அது நிற்கும்.

ஈபி லைனும் பனைமரமும் எப்படி ஏமாற்றுகின்றன?

கொஞ்ச தூரத்துக்கு மேல் நம் இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தை அளப்பது பலவீனமாகிவிடும். அப்புறம் மூளை உருவத்தின் அளவையும், எது எதை மறைக்கிறது என்பதையும் வைத்து ஊகம்தான் செய்கிறது. ட்ரோனுக்குப் பின்னால் பனை நின்றால் அது மரத்துக்கு முன்னால் இருக்கிறது என்று தெரியும். பக்கவாட்டில் நின்றால் முன்னா பின்னா என்று சொல்ல முடியாது. ஒயர் இன்னும் மோசம். மெல்லிய கம்பி, வெளிர் வானம், கண் அதைப் பிடிக்கவே பிடிக்காது. ஆகவே ஒயரைத் தேடாதீர்கள், கம்பத்தைத் தேடுங்கள். இரண்டு கம்பம் இருந்தால் நடுவில் ஒயர் உண்டு. கம்பத்தில் இருந்து சாய்வாகத் தரைக்கு வரும் இழுவைக் கம்பியையும் மறக்க வேண்டாம்.

வயலை நடந்து சுற்றாமல் ட்ரோனை வண்டியில் இருந்து இறக்காதீர்கள். தூரத்து முனையில் உதவியாளரை நிறுத்துங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி அவருக்குத் தெரியும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் பனங்காட்டில் வேலை என்றால் இது கட்டாயம். பனை முப்பது மீட்டர் வரை போகும்.

ஆனி, ஆடிக் காற்றில் எப்படி வேலை பார்ப்பது?

இதுதான் எங்கள் பக்கத்துப் பெரிய கேள்வி. ஜூனில் பாபநாசம் அணை திறந்து கார் நடவு ஆனால், இலைச்சுருட்டுப் புழுவும் குருத்துப்பூச்சியும் வருகிற நேரமும் மேற்கே கணவாய் வழியாகக் காற்று இறங்குகிற நேரமும் ஒன்றாகவே இருக்கும். காலை ஆறு மணிக்கு இலை அசையாது. ஒன்பது மணிக்குத் தென்னை தலைவிரித்து ஆடும். நடுவில் இருக்கும் மூன்று மணி நேரத்துக்குள் மூன்று வயல்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருப்போம்.

பலர் காற்றைத்தான் ஆபத்து என்கிறார்கள். காற்று வருவதற்கு முந்தைய அரை மணி நேரத்தைத்தான் நான் ஆபத்து என்பேன். அப்போதுதான் கை வேகமாகும், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விடுவோம். பாதி தாண்டிவிட்ட வேலையை நிறுத்த மனசு வராது. விமானப் பாதுகாப்புக்காரர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், போட்ட திட்டத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் சாய்வு என்று. தரையிறங்க வேண்டிய ஊரில் புயல் என்று தெரிந்தும் 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்' என்று இறங்கப் போனவர்கள் கதைகள் நிறைய.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வீரவநல்லூருக்குத் தெற்கே ஒரு வயல். பதினாலாவது டேங்க். காற்று எழும்பிவிட்டது. "தம்பி, இன்னும் ரெண்டு மரக்கால் வயல்தான் கெடக்கு, முடிச்சிட்டுப் போயிருப்பா" என்றார் பெரியவர். எனக்கும் அதுதான் ஆசை. பேட்டரி குறைந்ததும் ட்ரோன் தானாக 'வீட்டுக்கு', அதாவது கிளம்பிய இடத்துக்குத் திரும்பியது. திரும்பும் உயரம் முந்தின நாள் வெட்டவெளி வயலுக்கு வைத்தது, மாற்றவில்லை. நடுவே வரப்பில் மூன்று பனை. நேராகப் போய் நடுப்பனையில் மாட்டியது. பனையேறும் அண்ணாச்சி ஒருவர் ஏறி எடுத்துத் தந்தார், பதநீர் இறக்குகிற நிதானத்தோடு.

அன்றைக்குப் பிறகு ஒரு பழக்கம். தென்னை ஓலை எந்த அளவு ஆடினால் நிறுத்துவேன் என்று காலையிலேயே, மனசு அமைதியாக இருக்கும்போது, வயல்காரரிடம் சொல்லிவிடுவேன். ஒன்பது மணிக்கு முடிவெடுக்கிறவன் நான் இல்லை, ஆறு மணிக்கு எடுத்தவன்தான். காற்றில் அடித்தால் மருந்து பக்கத்து வயலுக்குப் போகும் என்று சொன்னால் வயல்காரரும் சரி என்பார், அவர் காசு அல்லவா.

வரைபடம் போட்டுவிட்டால் அதுவே அடித்துவிட்டு வருகிறது. நான் எதற்கு?

அது தடுமாறும் நேரத்துக்கு. சிக்கல் என்னவென்றால், நாள் முழுவதும் சும்மா நின்றவர் ஒரே நொடியில் ஓட்டுநர் ஆக வேண்டும். ஜிபிஎஸ் போனால் பல ட்ரோன்கள் சாய்வை மட்டும் சமன் செய்யும், இடத்தைப் பிடித்து நிற்காது. காற்றோடு மிதந்து போகும். 'ஸ்டிக்கை விட்டால் நிற்கும்' என்று பழகிய கை அப்போதும் ஸ்டிக்கை விடும், அதுதான் வில்லங்கம்.

வாரம் ஒருமுறை, அறுவடை முடிந்த வயலில், டேங்க்கில் தண்ணீர் மட்டும் ஊற்றி, பத்து நிமிஷம் ஜிபிஎஸ் உதவி இல்லாமல் ஓட்டுங்கள். ஆட்டோவில் போகும்போதும் கட்டைவிரல் ஸ்டிக்கின் மேலேயே இருக்கட்டும். இன்னொன்று, பரப்பளவு. வயல்காரர் கோட்டை, மரக்கால் கணக்கில் சொல்வார், மெஷின் ஏக்கர் கேட்கும். மனக்கணக்கு வேண்டாம், சுற்றி நடந்து வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

தினமும் செய்யும் வேலைக்குச் செக்லிஸ்ட் எதற்கு?

தினமும் செய்வதால்தான். புதுசாக ஓட்டுகிறவர் பயத்தில் எல்லாவற்றையும் பார்ப்பார். பழகியவர் பார்த்ததாக நினைத்துக்கொள்வார்.

2006 ஏப்ரல் 25 அன்று அமெரிக்க எல்லைக் காவலின் ஆளில்லா விமானம் ஒன்று அரிசோனாவில் நோகாலெஸ் அருகே விழுந்தது. நம்முடையது போல இல்லை, பெரிய பிரிடேட்டர் பி வகை. கட்டுப்பாட்டு அறையில் அருகருகே இரண்டு மேசை, ஒன்று ஓட்டுவதற்கு, மற்றது கேமராவுக்கு. ஓட்டும் மேசை உறைந்துபோனதால் விமானி பக்கத்து மேசைக்குக் கட்டுப்பாட்டை மாற்றினார். இரண்டிலும் ஒரே மாதிரி நெம்புகோல். கேமரா மேசையாக இருக்கும்போது அது கேமராவின் கண்ணைத் திறந்து மூடும். ஓட்டும் மேசையாக மாறினால் அதே நெம்புகோல் எஞ்சினுக்கு எரிபொருளைத் திறந்து மூடும். மாற்றும் முன் இரண்டு நெம்புகோலும் ஒரே நிலையில் இருக்கிறதா என்று பார்க்கச் செக்லிஸ்ட் சொல்கிறது. அவசரத்தில் அவர் பார்க்கவில்லை. எரிபொருள் அடைபட்டு எஞ்சின் நின்றுபோனது. விமானம் கீழே இறங்குவது தெரிந்தது, ஏன் என்றுதான் தெரியவில்லை. சீட்டில் உட்கார்ந்திருந்தால் எஞ்சின் சத்தம் நின்றதே சொல்லியிருக்கும். விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், செக்லிஸ்ட் பின்பற்றாததைத்தான் காரணமாகச் சொன்னது.

எங்கள் முறை நம்ம ஊர் பஸ் முறை. டிரைவர் எவ்வளவு அனுபவசாலி ஆனாலும் கண்டக்டர் விசில் அடிக்காமல் எடுக்க மாட்டார். நான் ஒவ்வொன்றாக வாய்விட்டுக் கேட்பேன், உதவியாளர் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்வார். பேட்டரி கொக்கி, ரெக்கை மடிப்பு, டேங்க் மூடி, வீட்டுப் புள்ளி, திரும்பும் உயரம். கடைசியில் அவர் "ரைட்" சொன்னால்தான் மோட்டார் சுற்றும். நடுவில் ஃபோன் வந்தால் மறுபடி முதலில் இருந்து.

ஓட்டும்போது வயல்காரர் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருக்கிறார். எப்படிச் சொல்வது?

பெரியவர்களிடம் "பேசாதீங்க" என்று சொல்ல வாய் வராது, தெரியும். 1974-ல் அமெரிக்காவில் சார்லட் நகரில் இறங்கப் போன பயணிகள் விமானம் விழுந்தது, விமானிகள் அரசியலும் பழைய கார் விற்பனையும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதன் விளைவாக 1981-ல் விதி வந்தது. பத்தாயிரம் அடிக்குக் கீழே வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு கூடாது.

நான் அதை இப்படி மாற்றிக்கொண்டேன். டேங்க் நிரப்பும்போது எல்லாம் பேசலாம், மழை, பேரன் படிப்பு, கூட்டுறவுக் கடன். ரெக்கை சுற்ற ஆரம்பித்தால் உதவியாளர் அவரைக் கொஞ்சம் தள்ளி நிழலுக்குக் கூட்டிப்போய்விடுவார். மோருக்கு ஏற்பாடு இருந்தால் இன்னும் நல்லது.

ராத்திரி கோயில் கொடை. காலையில் ஆறு மணிக்கு வேலை. போகலாமா?

வேண்டாம். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, சாமக்கொடை என்று விடிய விடிய விழித்திருந்தால், ஒரு சொட்டுக் குடிக்காவிட்டாலும் குடித்தவர் நிலைதான். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கையும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்டுகிறவருக்கு எல்லையே 0.03 சதவீதம். கொடைத் தேதி ஊருக்கே முன்கூட்டித் தெரியும், வயல்காரரும் கொடைக்கு வருவார். மறுநாள் வேலை வாங்காதீர்கள்.

தலைவலி, வியர்வை, கண் மங்கல். வெயிலா, மருந்தா?

இரண்டில் எதுவென்று தெரியாததால்தான் இதைச் சாதாரணமாக விடக் கூடாது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் நரம்பில் இருக்கும் ஒரு நொதியை முடக்குகின்றன. கண்மணி சுருங்கிப் பார்வை மங்கும், வாயில் எச்சில் ஊறும், வியர்த்துக் கொட்டும், குமட்டும். வெயில் களைப்பிலும் வியர்வை, தலைவலி, குமட்டல் உண்டு. 'வெயில்தான், கொஞ்சம் தண்ணி குடிச்சா சரியாயிரும்' என்று சொல்லிக்கொண்டே தொடர்ந்து ஓட்டுகிறவர் உண்மையில் மருந்து ஏறிய கண்ணோடு ஓட்டிக்கொண்டிருப்பார். ட்ரோன் ஓட்டுகிறவருக்குக் கண்தான் மூலதனம் என்று மேலே சொன்னேன்.

ஆகவே மருந்து கலக்குகிறவரும் ஓட்டுகிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். காற்று முதுகுக்கு வரும்படி நில்லுங்கள். மருந்துப் பாட்டிலின் லேபிளை வீசிவிடாதீர்கள், ஆஸ்பத்திரியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் கிளம்புங்கள்.

பெண்களுக்கு இது தோதான வேலையா, அண்ணே?

நமோ ட்ரோன் திதி என்று மத்திய அரசு 2023-ல் ஒரு திட்டமே அறிவித்தது, சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் வரை மானியம் என்று. ரிமோட் பைலட் சான்றிதழுக்கு 18 முதல் 65 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயிற்சி. ஆண், பெண் என்று எதுவும் இல்லை.

ரிமோட்டைக் கையில் தொங்கவிடாமல் கழுத்துப் பட்டையில் மாட்டுங்கள், தோள் மிச்சமாகும். நிரப்பிய ட்ரோனைத் தனியாகத் தூக்காதீர்கள், ஆண்களுக்கும் இதேதான். போலரைஸ்டு கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு ஸ்கிரீனைப் பார்த்தால் சில கோணங்களில் கறுப்பாகத் தெரியும், சாதாரணக் கண்ணாடி போதும்.

2023 வெள்ளம் மாதிரி வந்தால் ட்ரோனை வைத்து ஆள் தேடலாமா?

அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது, தாமிரபரணிக் கரை முழுக்கத் தண்ணீர். அதற்குப் பிறகு பலர் கேட்கிறார்கள். அதிகாரிகள் கூப்பிட்டால் போகலாம், தானாகப் பறக்கவிடாதீர்கள், மேலே ஹெலிகாப்டர் இருக்கும்.

போனால் ஒரு விஷயம். நார்மன் மேக்வொர்த் என்பவர் போர்க்கால ரேடார் ஆட்களுக்காக ஒரு சோதனை செய்தார், 1948-ல் வெளியானது. கடிகார முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும், அதைக் கண்டால் சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரத்திலேயே தவறவிடுவது கூடிவிட்டது. பழுப்புத் தண்ணீரையே ஸ்கிரீனில் பார்த்துக்கொண்டிருப்பதும் அதே வேலைதான். அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். ஓட்டுகிறவரே தேடவும் கூடாது.

ஆனித் தேரோட்டம், கல்யாணம்?

போலீஸ் அனுமதி இல்லாமல் கூட்டத்துக்கு மேல் பறக்கவிடாதீர்கள். "ஒரே ஒரு ஷாட்" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் கேட்பார், அந்த ஷாட்டில்தான் பந்தல் கயிறு இருக்கும். எந்த ஊருக்குப் போனாலும், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தை முதலில் பாருங்கள். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் எல்லாம் நம்மைச் சுற்றியே இருக்கின்றன.

மயிலும் பருந்தும் வந்தால்?

பருந்து வந்தால் இறக்கிவிடுங்கள், கொஞ்ச நேரத்தில் போய்விடும். கண்ணால் அதைத் துரத்திக்கொண்டே ட்ரோனை மறந்துவிடுவதுதான் நிஜமான ஆபத்து. மயில் பெரும்பாலும் தானாக ஓடிவிடும்.

விழுந்துவிட்டது. முதலில் என்ன செய்ய?

ஓடாதீர்கள். ரிமோட்டில் மோட்டார் நின்றதா என்று பாருங்கள், ரெக்கை சுற்றும் ட்ரோனிடம் போகக் கூடாது. ஆளுக்கு அடிபட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பேட்டரி உப்பியோ புகைந்தோ இல்லாவிட்டால் மட்டும் கழற்றி, வைக்கோல் படப்பில் இருந்து தள்ளி வையுங்கள். விதிப்படி விபத்து என்றால் 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை வழியாகத் தெரிவிக்க வேண்டும்.

அப்புறம் வரப்பிலேயே உட்கார்ந்து, யாரிடமும் பேசுவதற்கு முன், கடைசி இரண்டு நிமிஷம் நீங்கள் எதைப் பார்த்தீர்கள், கை எங்கே போனது, மனசில் என்ன அவசரம் இருந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். டீக்கடையில் ஒருமுறை சொல்லிவிட்டால் கதை மாறிவிடும். என் நோட்டில் அந்த நடுப்பனைக்கு எதிரே எழுதியிருப்பது: "உயரம் மாற்றவில்லை. பெரியவர் சொன்னதால் இல்லை. எனக்கே முடிக்க ஆசை."